மீற்றரைக் குறை சொல்லுமுன் சீ.ரீ.யைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் மின்பட்டியல் எகிறினால் பழி விழுவது மீற்றரின் தலையில். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவைக் கேட்டாலும், புறக்கோட்டை மொத்த வியாபாரியைக் கேட்டாலும் ஒரே பேச்சு: "மீற்றர் கண்டபடி ஓடுது." வீட்டு மீற்றரைப் பற்றி அப்படிச் சொன்னால் சந்தேகப்பட அந்த ஒரு பெட்டிதான் உண்டு. பெரிய இணைப்புகளிலோ மீற்றருக்கு முன்னால், பஸ்பார் என்னும் உலோகப் பட்டையையோ தடித்த கேபிளையோ சுற்றிக்கொண்டு மூன்று வளையங்கள் இருக்கின்றன. பாடப்புத்தகம் அதை ஓட்ட நிலைமாற்றி என்கிறது, வேலைத்தளத்தில் சீ.ரீ. என்றால்தான் விளங்கும். கட்டடத்துக்குப் போகும் மின்னோட்டம் மீற்றரைத் தொடுவதே இல்லை. வளையம் அனுப்பும் சிறு நகல்தான் அங்கே போய்ச் சேருகிறது. நகல் பிழைத்தால், எவ்வளவு நல்ல மீற்றரும் அந்தப் பிழையைத்தான் ஒழுங்காக எண்ணித் தரும். மீற்றர் பலகை பொருத்துவதும் பரிசோதிப்பதும் எங்கள் தொழில். பணம் கட்டுபவர்கள் இந்த வளையத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறோம்.

எல்லா இணைப்புக்கும் சீ.ரீ. கிடையாது. 400/230 வோல்ற்று விநியோகத்தில் மூன்று பேஸ் 60 அம்பியர் வரைக்கும் முழு ஓட்டமும் மீற்றருக்குள்ளாலேயே போய் வரும். 60 அம்பியரை 400 வோல்ற்றாலும் 1.732 ஆலும் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 42 கே.வீ.ஏ. (ஓட்டத்தையும் வோல்ற்றளவையும் பெருக்கி வரும் மின்சுமை அளவு). கட்டண அட்டவணையில் பொதுத் தேவைப் பாவனையாளர்களை முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பிரிக்கும் எல்லையும் அதே 42தான். லிப்ட், தண்ணீர் மோட்டர், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்கும் பெரிய இணைப்பாக எடுத்த தொடர்மாடிகள், முழுக்கக் குளிரூட்டிய புடவைக் கடைகள், அச்சகங்கள், திருமண மண்டபங்கள் இவையெல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவை. அங்கே அலகுக்குப் பணம், உச்சக் கேள்விக்கு (மாதத்தில் எடுத்த ஆகக்கூடிய சுமைக்கு) கே.வீ.ஏ. கணக்கில் தனிப் பணம், மாலை 6.30 முதல் 10.30 வரை கூடிய விலை. இந்த எல்லாக் கணக்கும் அந்த மூன்று வளையங்களின் வாயிலிருந்து வருவதுதான்.

வளையத்தின் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சிலிக்கன் உருக்குத் தகட்டை நாடாபோல் இறுகச் சுருட்டியது அகணி. அதன்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும், அது துணைச்சுருள். முதற்சுருள் என்று தனியாக எதுவும் கிடையாது, ஓட்டையினூடாகப் போகும் கேபிளே ஒரு சுற்று. 1831இல் பரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிக் காட்டிய அதே அமைப்பு. 200/5 என்று பொறித்த சீ.ரீ.யில் துணைச்சுருள் 40 சுற்று. கேபிளில் 200 அம்பியர் ஓடும்போது துணைச்சுருளில் 5 அம்பியர், 80 ஓடும்போது 2 அம்பியர். மீற்றர் இந்த 2 அம்பியரை எண்ணும். பட்டியல் தயாரிக்கும்போது 40ஆல் பெருக்குவார்கள்.

ஆனால் அகணியைக் காந்தமாக்கவும் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். சீ.ரீ. அதை வருகிற ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியைத்தான் மீற்றருக்கு அனுப்புகிறது, தரகர் தன் தரகைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவதுபோல. தரகு எப்போதும் ஒரே வீதமாக இருந்தால் பிரச்சினையில்லை. சுற்றில் கொஞ்சம் குறைத்துச் சுற்றிச் சரிக்கட்டிவிடலாம், தயாரிப்பாளர்கள் செய்வதும் அதுதான். சங்கடம் என்னவென்றால், ஓட்டம் சிறுக்கச் சிறுக்கத் தரகின் வீதம் கூடும். மிகக் குறைந்த காந்தப் பாயத்தில் உருக்கு எளிதில் காந்தமாக மாட்டாது. ஆகவே சீ.ரீ. தன் முழு அளவுக்கு அருகில் நேர்மையாகவும், அடிமட்டத்தில் கஞ்சனாகவும் நடந்துகொள்கிறது.

இதை ஐ.ஈ.சீ. 61869-2 என்ற சர்வதேச நியமம் எண்ணில் சொல்கிறது. துல்லிய வகுப்பு 0.5 என்று பொறித்திருந்தால், முழு ஓட்டத்திலும் அதற்கு மேல் 120 வீதம் வரையும் பிழை 0.5 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 வீத ஓட்டத்தில் 0.75 வரை போகலாம். 5 வீத ஓட்டத்தில் 1.5 வரை போகலாம். அதற்குக் கீழே எந்த உத்தரவாதமும் இல்லை. 0.5எஸ் என்று ஓர் எழுத்துக் கூடியிருந்தால் கதை வேறு: 20 வீதத்திலிருந்தே 0.5, 5 வீதத்தில் 0.75, ஒரு வீத ஓட்டத்திலும் 1.5க்குள். அந்த ஒற்றை எழுத்துக்காக வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டி வரும். கொடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

ஏனென்றால் கொழும்பில் நாங்கள் பார்க்கும் பொதுப் பிழை, அளவுக்கு மிஞ்சிய சீ.ரீ. "எதற்கும் பெரிதாகப் போடுவோம், பின்னுக்கு உதவும்" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார், கட்டடக்காரரும் தலையாட்டுவார். 100 கே.வீ.ஏ. ஒப்பந்தக் கேள்விக்கு முழுச் சுமையில் 144 அம்பியர்தான் வரும். 150/5 போதும்; கொஞ்சம் இடம் விட நினைத்தால் 200/5. அங்கே 400/5 மாட்டினால் இரவில் என்ன நடக்கும்? மாடிப்படி விளக்கும் காவலாளியின் விசிறியும் லிப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து பேஸ் ஒன்றுக்கு 12 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 400இல் அது 3 வீதம். சாதாரண 0.5 வகுப்புச் சீ.ரீ. அந்த இடத்தில் எதற்கும் பொறுப்பல்ல. அதே 12 அம்பியர் 150/5இல் 8 வீதம், நியமத்தின் கோட்டுக்குள் வந்துவிடும்.

சிறிய விகிதத்திலும் ஒரு பொறி உண்டு. 100/5 வளையத்தில் துணைச்சுருள் வெறும் 20 சுற்று. காந்தமாக்கும் வலு குறைவு, பிழை கூட. இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: 200/5 வளையத்தின் ஓட்டையினூடாகக் கேபிளை இரண்டு தடவை விட்டால் அது 100/5 ஆகிவிடும், துல்லியம் 200/5க்கு உரியதாகவே இருக்கும். எண்ணும்போது கவனம் வேண்டும். ஓட்டைக்குள்ளால் எத்தனை தடவை போகிறது என்பதுதான் சுற்றின் எண்ணிக்கை. வெளியே தெரியும் வளைவை எண்ணினால் ஒன்று பிசகும். இப்படி மாட்டிய இடத்தில் பெயர்த்தகட்டில் 200/5 என்றே இருக்கும், உண்மைப் பெருக்கெண்ணோ 20. பின்னால் வருபவர் தகட்டை மட்டும் பார்த்து 40 என்று எழுதினால் பட்டியல் இரண்டு மடங்காகும். பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

அடுத்தது கம்பி. சீ.ரீ.யின் தகட்டில் 5 வீ.ஏ., 10 வீ.ஏ., 15 வீ.ஏ. என்று ஓர் எண் இருக்கும். துணைச்சுருள் எவ்வளவு சுமையைத் தள்ளிக்கொண்டு தன் துல்லியத்தைக் காப்பாற்றும் என்பது அது. இன்றைய இலத்திரனியல் மீற்றர் ஓட்டப் பக்கத்தில் 1 வீ.ஏ.க்கும் குறைவாகவே எடுக்கும். மீதியை விழுங்குவது கம்பி. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஒரு கிலோமீற்றருக்கு 7.41 ஓம். மீற்றர் 10 மீற்றர் தூரத்தில் இருந்தால் போக வர 20 மீற்றர், 0.148 ஓம். 5 அம்பியரில் இது 3.7 வீ.ஏ. அதே தூரத்துக்கு 1.5 கம்பி இழுத்தால் 6 வீ.ஏ. தாண்டும், 5 வீ.ஏ. சீ.ரீ. அங்கேயே தோற்றுவிட்டது. 4 சதுர மில்லிமீற்றர் என்றால் 2.3 வீ.ஏ.யோடு முடியும். ட்ரான்ஸ்போமர் அறை கீழே, மீற்றர் அறை வேறு மூலையில் என்று தூரம் கூடினால் துணையோட்டம் 1 அம்பியராக உள்ள சீ.ரீ.யை எடுப்பதே புத்தி: கம்பியில் போகும் சுமை ஓட்டத்தின் வர்க்கத்தில் குறைவதால் 1.5 கம்பியிலும் கால் வீ.ஏ.தான் செலவாகும். ஆனால் மீற்றரும் 1 அம்பியருக்குப் பொருந்தியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக வீ.ஏ. எண் கூடக் கூட நல்லது என்று நினைத்து 15 வீ.ஏ. சீ.ரீ.யைத் தேடி வாங்காதீர்கள். வட்டு சுழலும் பழைய மீற்றர்களின் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. நியமம் துல்லியத்தை உறுதிசெய்வது எழுதிய சுமையின் கால் பங்கிலிருந்து முழுப் பங்கு வரைக்குமே. 15இன் கால் 3.75. மீற்றரும் சீ.ரீ.யும் ஒரே பெட்டிக்குள், இடையில் 2 மீற்றர் 4 சதுரக் கம்பி என்றால் மொத்தச் சுமை அதற்குக் கிட்டவும் வராது. குறைத்துச் சுற்றிய சுற்றின் ஈடு அப்போது மிஞ்சி நின்று, வாசிப்பு கூடுதலாகக் காட்டலாம். இன்னொரு பாதிப்பும் உண்டு. தகட்டில் எப்.எஸ்.5 என்று இருப்பது, குறுஞ்சுற்று வந்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கில் அகணி நிரம்பி மீற்றரைக் காப்பாற்றும் என்பதற்கான எண். துணைச்சுருளின் சுமை மிகக் குறைந்தால் அந்த ஐந்து மடங்கு பத்து, பதினைந்து என்று ஏறிவிடும், காவல் தளர்கிறது.

காவல் என்றதும் இன்னொரு குளறுபடி. 5பி20 என்று பொறித்தவை ரிலேக்களுக்கானவை. இருபது மடங்கு ஓட்டத்திலும் நிரம்பாமல் பிறேக்கரை விழுத்தச் செய்தி தருவதே அவற்றின் வேலை. முழு ஓட்டத்திலேயே 1 வீதப் பிழை அவற்றுக்கு அனுமதி, கீழே எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பிரதான பலகையில் சும்மா கிடக்கிறது என்று அதிலிருந்து உள்மீற்றருக்குக் கம்பி இழுத்து, அதை வைத்துக் குடியிருப்பாளரிடம் பணம் வாங்குவது சரியில்லை.

இனி, பணத்தைப் பெரிதாக அசைக்கும் இடத்துக்கு வருகிறோம். மேலே சொன்னவை எல்லாம் வீதக் கணக்கில் அரைகுறைப் பிழைகள். இணைப்பு மாறினால் வாசிப்பே மூன்றிலொன்றாகவோ பூச்சியமாகவோ சுருங்கும்.

சீ.ரீ.யின் ஒரு முகத்தில் பி1, மறு முகத்தில் பி2. பி1 மின்சாரம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். துணைச்சுருளின் முனைகள் எஸ்1, எஸ்2. பழையவற்றில் கே, எல் என்றிருக்கும். ஒரு வளையம் திரும்பி நின்றாலோ, எஸ்1 எஸ்2 மாறினாலோ அந்தப் பேஸின் அலகு கூடுவதற்குப் பதிலாகக் கழியும். மூன்று பேஸும் சமமாகச் சுமந்தால் ஒன்றும் ஒன்றும் கூட்டி ஒன்றைக் கழிக்க மிஞ்சுவது ஒன்று. மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும். ஒரு சீ.ரீ.யின் கம்பி கழன்றாலோ, மீற்றரின் வோல்ற்றளவுப் பக்கத்தில் ஒரு பியூஸ் போனாலோ மூன்றில் இரண்டு பதிவாகும். இரண்டு பேஸின் சீ.ரீ. கம்பிகள் இடம் மாறினால், சமச் சுமையில் மீற்றர் அப்படியே நின்றுவிடும்: வலுக்காரணி (இழுக்கும் கே.வீ.ஏ.யில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) எதுவாக இருந்தாலும் மூன்று பேஸின் கூட்டுத்தொகை பூச்சியம். மூன்றும் ஒரே திசையில் ஒவ்வொரு இடம் தள்ளிப் போனால் வேடிக்கை இன்னும் கூடும். ஒரு குறிப்பிட்ட திசையில் தள்ளி, வலுக்காரணியும் 0.5 ஆக இருந்தால் அலகு மிகச் சரியாகவே வாசிக்கும்! கொள்ளளவி (கப்பாசிற்றர்) பொருத்தி வலுக்காரணியைத் திருத்திய மாதத்தில் வாசிப்பு தலைகீழாகி, எல்லோரும் கொள்ளளவியைத் திட்டுவார்கள்.

நிறமும் காலை வாரும். பழைய ஒழுங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய ஒழுங்கில் நீலம்தான் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். பழைய கட்டடத்தில் புதிய கேபிள் சேர்ந்த பலகையில் நிறத்தை நம்பி இணைப்பவர் ஏமாறுவார். ஒவ்வொரு முனையையும் அளந்து, எண் வளையம் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

கவனியுங்கள், இந்தப் பிழைகள் பெரும்பாலும் குறைத்தே காட்டுகின்றன. குறைந்த பட்டியலைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துப் பரிசோதனையில் பிடிபட்டுப் பிழை திருத்தப்படும் நாளில் பட்டியல் மும்மடங்காக ஏறும், பழைய நிலுவையும் பின்னால் வரும். அப்போதுதான் "மீற்றர் கண்டபடி ஓடுது" என்ற குரல் எழும்பும். உண்மையில் அன்றைக்குத்தான் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியிருக்கிறது.

கூட்டிக் காட்டும் பிழை பெரும்பாலும் பெருக்கெண்ணில் ஒளிந்திருக்கும். வளையம் 150/5 என்றால் பெருக்கெண் 30. பதிவேட்டில் 40 என்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடக் கட்டுகிறீர்கள். இணைப்பைப் பெரிதாக்கி 200/5ஐ 300/5 ஆக மாற்றி, பெருக்கெண்ணை 60 ஆக்க மறந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையக் கட்டுகிறீர்கள், நிலுவை வளர்கிறது. சில மீற்றர்களில் விகிதத்தை உள்ளேயே பதிந்துவிடலாம். அப்போது திரையில் தெரிவதே உண்மையான அலகு. அதை மறுபடி 40ஆல் பெருக்கினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்க முத்திரையைத் தொட வேண்டாம், தொடவும் கூடாது. மீற்றரின் பொத்தானை அமுக்கி ஒவ்வொரு பேஸின் ஓட்டத்தையும் பாருங்கள். அதே நேரத்தில் மின்வேலை தெரிந்த ஒருவர் உங்கள் பக்கப் பிரதான பலகையில் கிளாம்ப் மீற்றரால் கேபிளைப் பிடிக்கட்டும். கிளாம்பில் 96, திரையில் 2.4 என்றால் 40ஆல் பெருக்குவது சரி. திரையிலும் 96 என்றால் பட்டியலில் பெருக்கெண் 1 ஆக இருக்க வேண்டும். பிறகு பேஸ் பேஸாக வலுக்காரணியைப் பாருங்கள். 0.91, 0.89, 0.92 என்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நல்லது. ஒன்று மட்டும் கழித்தற் குறியோடு வந்தால் அந்த வளையம் திரும்பி நிற்கிறது. ஒன்று 0.90, மற்ற இரண்டும் -0.83, -0.07 என்று வந்தால் அந்த இரண்டும் தங்களுக்குள் இடம் மாறியவை, 0.90 வலுக்காரணியில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இந்த எண்கள்தான் விழும். கூரையில் சூரியப் பலகை உள்ளவர்கள் இதை இருட்டிய பிறகு பார்க்க வேண்டும், பகலில் கழித்தற் குறி நியாயமாகவே வரலாம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் மீற்றரின் சிவப்பு விளக்கின் துடிப்பை எண்ணலாம். முகத்தில் ஒரு கிலோவாற்று மணிக்கு 10000 துடிப்பு என்று எழுதியிருந்து, அது துணைப் பக்கக் கணக்காகவும் பெருக்கெண் 40 ஆகவும் இருந்தால், ஒரு துடிப்பு 4 வாற்று மணி. ஒரு நிமிடத்தில் 45 துடிப்பு என்றால் 180 வாற்று மணி, மணிக்கணக்கில் 10.8 கிலோவாற்று. பேஸ் ஒன்றுக்கு 17 அம்பியர், 230 வோல்ற்று, வலுக்காரணி 0.92 என்று கிளாம்ப் பக்கமிருந்து பெருக்கினாலும் அதே 10.8 வரும். கிளாம்ப் மீற்றரும் ஒரு திறந்து மூடும் சீ.ரீ.தான், 2 வீதம் முன்பின் இருக்கும். தாடையின் முகத்தில் தூசோ துருவோ படிந்து நன்றாக மூடாவிட்டால் இன்னும் குறையும். இரண்டுக்கும் இடையில் 3 வீதம் வித்தியாசம் வந்தால் கொதிக்காதீர்கள். 30 வீதம் வந்தால் எழுத்தில் முறையிடுங்கள்.

கடற்கரை ஓரத்துக்கு மட்டும் உரிய ஒரு சொல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ரயில் பாதைப் பக்கக் கட்டடங்களில் சீ.ரீ. பெட்டியைத் திறந்தால் எஸ்1 திருகாணியின் கழுத்தில் பச்சைப் பூ பூத்திருக்கும். உப்புக் காற்று செப்பைத் தின்ற அடையாளம். விரலால் தொட்டால் மாவாக உதிரும், கீழே கம்பியின் உறை பழுப்பேறி இறுகியிருக்கும். தொடுகைத் தடை அரை ஓம் கூடினாலே 5 அம்பியரில் 12.5 வீ.ஏ. சுமை ஏறிவிடும். வெள்ளீயம் பூசிய கம்பிமுனை, நெளிவு வாசர், ஒழுங்கான இறுக்கம், பெட்டியின் கேபிள் வாயில் ரப்பர் அடைப்பு: இவ்வளவும் முதல் நாளே செய்திருந்தால் அந்தப் பூ பூக்காது.

வீட்டுக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் வேறு: சூரியப் பலகை இன்வேர்ட்டரின் கைப்பேசிச் செயலி ஒரு கணக்குக் காட்டுகிறது, பட்டியல் வேறு கணக்குச் சொல்கிறது, எது சரி? செயலிக்குச் செய்தி தருவது பிரதான கேபிளில் கொளுவிய சிறு பிளவுச் சீ.ரீ. முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கிடைக்கும் ரகம்தான், 100 அம்பியருக்கு 50 மில்லியம்பியர் தருவதுபோன்றவை. அகணி இரண்டாகப் பிளந்து மூடுவதால் இடையில் மயிரிழை இடைவெளி இருக்கும். அங்கேதான் கோணப் பிழை பிறக்கிறது. 2 பாகை பிசகினால் வலுக்காரணி 0.8 உள்ள சுமையில் 2.6 வீதம் தவறும். போதாததற்கு 100 அம்பியர் வளையத்தால் வீட்டின் 2 அம்பியரை அளக்கிறார்கள். அம்புக்குறி திரும்பியிருந்தால் வாங்கியது விற்றதாகவும் விற்றது வாங்கியதாகவும் காட்டும். பட்டியலுக்கு உரிய கணக்கு விநியோக மீற்றரில் உள்ளதே. செயலியைப் போக்கு அறிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோணப் பிழை பெரிய சீ.ரீ.க்கும் உண்டு. துணையோட்டம் சற்று முந்திக்கொண்டு நிற்கும். வகுப்பு 0.5க்கு முழு ஓட்டத்தில் 30 கலை, அதாவது அரைப் பாகை வரை அனுமதி. வலுக்காரணி 1 ஆக இருந்தால் இதன் பாதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை, 0.8இல் 0.65 வீதம், 0.5இல் 1.5 வீதம், அதுவும் கூட்டிக் காட்டும் பக்கமாக. பழைய மோட்டரும் சோக் விளக்குமாக ஓடும் பட்டறைகள் கொள்ளளவி போட இது இன்னொரு காரணம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாலும் தகும். ஓட்டம் ஓடும்போது சீ.ரீ.யின் துணைக் கம்பியைக் கழற்றக் கூடாது. சாதாரண ட்ரான்ஸ்போமரில் கம்பி கழன்றால் ஓட்டம் நிற்கும். இங்கே முதலோட்டத்தைத் தீர்மானிப்பது கட்டடத்தின் சுமை, அது நிற்காது. எதிர்த்து நின்ற துணையோட்டம் இல்லாமற் போனதும் முழு வலுவும் அகணியைக் காந்தமாக்கப் போகும். திறந்த முனைகளில் கூர்முனை வோல்ற்றளவு ஏறும், பெரிய விகிதங்களில் ஆயிரக்கணக்கான வோல்ற்று. ஆளைக் கொல்லும், சுருளின் காவலுறையைப் பொசுக்கும். தப்பினாலும் அகணியில் மிச்சக் காந்தம் தங்கிப் பிழை நிலைத்துவிடும். ஆகவே மீற்றரை மாற்றுமுன் பரிசோதனை முனைப்பலகையில் எஸ்1, எஸ்2வைக் குறுக்குத் தகட்டால் இணைத்து, மீற்றரில் ஓட்டம் பூச்சியமாகிவிட்டதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே கழற்ற வேண்டும். மாட்டிய பின் தகட்டை எடுக்க மறப்பவர்களும் உண்டு; ஓட்டத்தின் பெரும்பகுதி தகட்டினூடாகவே சுற்றி, மீற்றர் தூங்கும். துணைச் சுற்றில் பியூஸ் போடவே கூடாது. எர்த் ஒரே ஓர் இடத்தில். இரண்டு இடத்தில் எர்த் செய்தால் ஓட்டத்தின் ஒரு பங்கு நிலத்தின் வழியே நழுவும். மல்ரிமீற்றரின் ஓம் பக்கத்தால் சுருளைச் சோதித்தவர், நேரோட்டம் விட்ட மிச்சக் காந்தத்தை நீக்கிவிட்டே போக வேண்டும்.

பரிசோதனைக்கு விண்ணப்பிக்கும்போது "மீற்றரைப் பரிசோதிக்கவும்" என்று எழுதினால் மீற்றர் மட்டும் சோதிக்கப்பட்டு, "சரி" என்று பதில் வரக்கூடும். அது பொய்யும் அல்ல. "சீ.ரீ.களின் விகிதம், திசை, பேஸ் ஒழுங்கு, துணைச் சுமை, வோல்ற்றளவு இணைப்புகள் சேர்த்து, பாவனைச் சுமையோடு பரிசோதிக்கவும், ஒவ்வொரு பேஸின் பிழை வீதத்தையும் எழுத்தில் தரவும்" என்று எழுதுங்கள். குறைந்த ஓட்டத்தில் சந்தேகம் என்றால் 5 வீத, 20 வீதப் புள்ளிகளையும் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போகலாம். கையில் எண்கள் இருந்தால் அங்கே பேச்சு சுருங்கும்.

புதிதாக இணைப்பு எடுப்பவர்களும் பலகையை மாற்றுபவர்களும் மூடிக்கு முத்திரை விழுமுன், மின்சாரம் கொடுப்பதற்கும் முன், மூன்று வளையங்களின் பெயர்த்தகட்டையும் கேபிள் எத்தனை தடவை உள்ளே போகிறது என்பதையும் தெளிவாகப் படம் எடுத்து, பெருக்கெண்ணைப் பின்னால் எழுதி முதல் பட்டியலோடு ஒரே கோவையில் வையுங்கள். முகாமைத்துவக் குழு மாறும்போது கோவையும் கைமாறட்டும்.

இப்படிக்கு,
மீற்றர் பரிசோதனைத் தொழிநுட்பவியலாளர்கள் இருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.